மூன்றாவது காட்சியில் நின்றுபோகும் வானம்

ஜூன் 9

அன்புள்ள வாயாடிக்கு,

போனில் பேசினால் நான் 'ம்' என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்வதில்லை, ஆகவே இனிமேல் கடிதம்தான் என்று நீ போட்ட சட்டத்துக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்திருக்கிறேன். பேனா பிடித்தே ரொம்ப நாளாயிற்று. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

நான் நலம். சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. நீ சொல்லிவிட்டுப் போன பிளம்பர் வந்தார். குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "அம்மா எப்ப வர்றாங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். ஒரு கிண்ணத்தை அடியில் வைத்திருக்கிறேன். சொட்டுச் சத்தத்துக்குக் காது பழகிவிட்டது. மாடியில் உன் செடிகளில் இரண்டு பிழைத்திருக்கின்றன. மற்றவற்றைப் பற்றி இப்போது வேண்டாம்.

கோளரங்கத்தில் ஒரு தொல்லை. நீ கிளம்புவதற்கு முன், வானத்தை ஓட்டுகிற மெஷினில் உங்கள் குழு எழுதுகிற ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்தாய் அல்லவா, அது இத்தனை நாள் சொன்ன பேச்சைக் கேட்டது. இப்போது வாரத்தில் சில நாட்கள், மூன்றாவது காட்சியின் நடுவில், வானம் நின்றுபோகிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் கூட்டம் அது. பாதிப் பேர் தூங்கத்தான் வருகிறார்கள். குவிமாடத்தில் நட்சத்திரங்கள் மெல்ல மேற்கே சரிந்துகொண்டிருக்கும், என் குரலும் அவற்றோடு போய்க்கொண்டிருக்கும். நட்சத்திரம் நின்றால் உடனே கண்ணுக்குத் தெரியாது. "இதோ, இது இப்போது மறையப்போகிறது" என்பேன். அது மறையாது. அப்போதுதான் எனக்கே தெரியவரும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அணைந்து, மெஷின் முதலிலிருந்து தொடங்கி, எதுவுமே நடக்காத மாதிரி வந்து நிற்கும். பதிவுகளைப் புரட்டிப் பார்த்தேன். நிற்பதற்கு முன் எழுதிய வரி இருக்கிறது, எழுந்த பின் எழுதிய வரி இருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை.

டிக்கெட் கொடுக்கும் அக்கா கதவை லேசாகத் திறந்து, "தம்பி, வானமும் தூங்கிடுச்சா? ஆளுங்கள எழுப்பட்டுமா, அப்படியே விட்டுடட்டுமா?" என்று கேட்கிறாள்.

என்ன செய்யலாம் என்று எழுது. உன்னை அந்த வெளிநாட்டு ஆபீஸிலேயே நிரந்தரமாக இருந்துவிடச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். உன் இஷ்டம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
ஊமைக்கோட்டான்


ஜூன் 20

அன்புள்ள ஊமைக்கோட்டானாருக்கு,

ஒழுகுகிற குழாய்க்கு ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு 'உன் இஷ்டம்'.

நான் கேட்டது என்ன? ஒப்பந்தம் நவம்பர் கடைசியோடு முடிகிறது. டிசம்பர் முதல் தேதி நான் நம் வீட்டில் இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டுதான் வந்தேன். இப்போது இவர்கள் இங்கேயே இருந்துவிடு என்கிறார்கள். அக்டோபர் முடிவதற்குள் பதில் வேண்டுமாம். இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, பொய் சொல்லவில்லை. ஆனால் நான் இங்கே, நீங்கள் அங்கே என்று எத்தனை காலம் இருப்பது? அதற்குப் பேர் குடும்பமா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். என் இஷ்டம் என்ன என்று எனக்குத் தெரியாதா?

உங்களுக்கு வருத்தம் வந்தால் நீங்கள் சண்டை போடுவதில்லை. நின்றுபோய்விடுவீர்கள். இரண்டு நாள் கழித்துக் காலையில் காபியோடு வந்து, "இன்னைக்கு மழை வரும் போல இருக்கு" என்பீர்கள். நடுவில் என்ன நடந்தது என்பதற்கு ஒரு வரி கூட இருக்காது. மெஷினை நான் குறை சொல்ல மாட்டேன். அது உங்களோடு இருந்து கற்றுக்கொண்டது.

சரி, அதற்கு வைத்தியம் சொல்கிறேன். நான் இந்த வருஷம் முழுக்க இங்கே போடுகிற சண்டையும் அதைப் பற்றித்தான்.

சிஸ்டம் உடைந்து விழும் நேரத்தில் அதனால் எதையும் எழுதி வைக்க முடியாது. எழுதுகிற கையே உடைந்திருக்கும். அதனால் மெஷின் தொடங்கும்போதே மெமரியில் ஒரு பகுதியை ஒதுக்கி, அதற்குள் இன்னொரு சின்ன சிஸ்டத்தைத் தூங்க வைத்துவிட வேண்டும். பெரியது விழுந்ததும் சின்னது எழுந்திருக்கும். மெமரியில் அந்த நிமிஷம் கிடந்த அத்தனையையும், கிடந்தது கிடந்தபடி அள்ளி வட்டில், அதாவது டிஸ்கில், எழுதும். அந்த அள்ளலைத்தான் டம்ப் என்கிறோம். எழுதி முடித்ததும் மெஷினைப் புதிதாகத் தொடங்கச் சொல்லிவிட்டு அதுவும் போய்விடும். ஒரே ஒரு கஷ்டம்: விழுந்த பிறகு இடம் ஒதுக்க முடியாது. முன்பே ஒதுக்கியிருக்க வேண்டும். ஒதுக்கிய இடத்தை வேறு எதற்கும் தொடக் கூடாது, ஒரு நாளும் விழாவிட்டாலும்.

இப்போது இது கேட்டவர்களுக்கு மட்டும் உண்டு. கேட்காத எல்லாருக்கும் தானாகவே ஒதுக்கிவிட வேண்டும் என்கிறேன் நான். உங்கள் மெஷினில் நீங்கள் கேட்கவில்லை. ஆகவே இல்லை. இத்துடன் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன். தொடங்கும் கட்டளையின் கடைசியில் அதைச் சேர்த்துவிட்டு மெஷினை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

பிளம்பரிடம் அம்மா வருவது அம்மாவின் இஷ்டமாம் என்று சொல்லுங்கள்.

உங்கள்
வாயாடி


ஜூலை 3

அன்புள்ள வாயாடிக்கு,

திட்டுக்கு நன்றி. இரண்டு தடவை படித்தேன்.

நீ கேட்கிற அளவுக்கு இடம் ஒதுக்கினால் வானத்துக்கு இடம் பத்தாது. இது பெரிய மெஷின் இல்லை, உனக்கே தெரியும். பால்வீதியை ஏற்றினாலே மூச்சு வாங்கும். கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற மங்கல் நட்சத்திரங்களை எல்லாம் எடுத்துவிட்டேன். ஆயிரக்கணக்கில் போயிற்று. நீ கேட்ட இடம் கிடைத்தது. வரியைச் சேர்த்துவிட்டேன்.

மேனேஜர் கவனிக்கவில்லை. பார்க்க வந்தவர்களும் கவனிக்கவில்லை. டிக்கெட் அக்கா மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, இன்னைக்கு வானத்தக் கூட்டிப் பெருக்கிட்டியா?" என்றாள்.

அந்த நட்சத்திரங்கள் இருந்த இடம் இப்போது வெறும் இருட்டு. ஆனால் காட்சியின்போது எனக்கு அங்கே எதுவோ கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிற மாதிரித் தோன்றுகிறது. பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன். எல்லாம் உன் கடிதம் படுத்துகிற பாடு.

நீ கேட்ட இன்னொன்றைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உன்
ஊமைக்கோட்டான்


ஜூலை 15

அன்புள்ளவருக்கு,

யோசிக்கிறீர்கள். சந்தோஷம். யோசித்து முடிக்கும்போது எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

இங்கே எங்கள் குழுவில் ஒருவர் இருக்கிறார். அவரை எல்லாரும் சிக்கனம் என்றுதான் கூப்பிடுகிறோம். ஒரு டீப் பொட்டலத்தை இரண்டு நாள் நனைப்பார். அறையில் அவர் மட்டும் இருந்தால் ஒரு விளக்கைத் தவிர மற்றதை அணைத்துவிடுவார். என் முன்மொழிவுக்கு முதல் எதிரி அவர்தான். திங்கட்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"பெரிய மெஷின் வெச்சிருக்கறவன் எடுத்து வைக்கட்டும், நான் வேணாங்கல. சின்ன மெஷின்காரன் என்னம்மா பாவம் பண்ணான்? அவன் கேக்கவே இல்ல. நீயா அவன் வீட்டுக்குள்ள போய் ஒரு ரூமப் பூட்டிட்டு, 'இது உன் நல்லதுக்குத்தான்'னு சாவிய எடுத்துட்டு வந்துடுவியா?"

"விழறவங்களுக்கு விழப்போறோம்னு முன்னாடியே தெரியாதே சார். தெரிஞ்சா கேட்டிருப்பாங்க. விழுந்தப்புறம் வந்து, 'ஏன் விழுந்தேன்'னு நம்மளத்தான கேக்கறாங்க?"

"விழாதவங்கதான அதிகம்?"

"இதுவரைக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும். ஆனால் கை தூக்கச் சொன்னபோது சரிபாதியாகப் பிரிந்தது. இலையுதிர் காலத்தில் மறுபடி வாக்கெடுப்பு.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் கண்ணயர்ந்துவிட்டேன். கண்ணாடியில் மழை. நம் வீட்டில் குளியலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே இன்னொரு கதவு இருப்பதாகக் கனவு. திறந்தால் ஒரு சின்ன அறை. நாற்காலியில் ஒருவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஒரு கூடை. "யாருங்க நீங்க?" என்று கேட்டேன். "நான் இன்னும் எழுந்திருக்கலம்மா" என்றார். பதில் சொன்ன விதம் உங்கள் மாதிரியே இருந்தது. கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தேன். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போயிருந்தது. மழையில் திரும்பி நடந்தேன்.

இங்கே வானத்தைப் பார்க்கவே கிடைப்பதில்லை. மேகம் விலகுகிற நாளில் துருவ நட்சத்திரம் தலைக்கு மேலே எங்கேயோ உயரத்தில் இருக்கிறது. நம் ஊரில் அது கட்டடங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்குமே, அதே ஆள்தானா என்று சந்தேகமாக இருக்கிறது.

உங்கள்
வாயாடி


ஆகஸ்ட் 5

அன்புள்ள வாயாடிக்கு,

நேற்று வானம் நின்றது. உன் ஆள் எழுந்தார்.

எப்படிச் சொல்வது? நட்சத்திரங்கள் போய், குவிமாடம் முழுக்க வெள்ளை எழுத்துகள் வந்தன. கீழே விளிம்பில் தொடங்கி, வரிவரியாக மேலே ஏறி, உச்சியில் வளைந்து அந்தப் பக்கம் இறங்கின. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த யாரும் பயப்படவில்லை. அதுவும் காட்சி என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் பேச்சை நிறுத்தவில்லை. "இது வானத்தின் இன்னொரு பக்கம்" என்று என்னவோ சொன்னேன். வேலை போகாமல் இருந்தால் சரி. கடைசி வரிசையில் ஒருவர் கைதட்டினார்.

எழுத்துகள் திடீரென்று நின்றன. கடைசி வரியைக் குறித்து வைத்திருக்கிறேன். மெமரி போதவில்லை என்கிறது. உன் சின்ன சிஸ்டமும் விழுந்துவிட்டது. வட்டில் ஒன்றும் எழுதப்படவில்லை.

நீ ஒதுக்கச் சொன்ன அளவு சரிதானா?

உன்
ஊமைக்கோட்டான்


ஆகஸ்ட் 16

அன்புள்ளவருக்கு,

சரியில்லை.

எல்லாருக்கும் இது போதும் என்று கூட்டத்தில் அடித்துச் சொன்ன அளவு என் வீட்டுக்காரருக்கே போதவில்லை. சிக்கனத்திடம் போய்ச் சொன்னேன். சொல்லாமலும் இருந்திருக்கலாம், ஆனால் அவர் எதிராளி, அவருக்கு உண்மை தெரிய வேண்டும். சிரித்து முடிக்க அவருக்கு ஒரு டீ தேவைப்பட்டது. புதுப் பொட்டலம்.

பிறகு அவரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என்னோடு உட்கார்ந்தார். "உன் வீட்டுக்காரர்ட்ட எத்தன புரொஜக்டர்மா இருக்கு?" என்றார். அதுதான் விஷயம். சின்ன சிஸ்டம் எழுந்ததும், பெரியதைப் போலவே உங்கள் புரொஜக்டர்களை எல்லாம் ஒவ்வொன்றாக எழுப்பியிருக்கிறது. இருந்த கொஞ்ச இடமும் அதிலேயே தீர்ந்துவிட்டது. அதனால்தான் எழுத்துகள் குவிமாடத்தில் வந்தன. ஒரே அளவு எல்லாருக்கும் சரிவராது, மெஷினைப் பார்த்துத்தான் அளவு முடிவாக வேண்டும் என்று என் முன்மொழிவையே மாற்றி எழுதுகிறேன்.

புது வரி இத்துடன். கொஞ்சம் கூடுதல் இடம், அத்தோடு 'புரொஜக்டர்களைத் தொடாதே' என்று ஒரு கட்டளை. இனிமேல் எழுத்துகள் வானத்தில் வராது. கைதட்டியவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. டம்பில் நமக்குத் தேவையானது மட்டும் வராது. அந்த நேரத்தில் மெமரியில் என்ன இருந்ததோ அத்தனையும் வரும். அதனால் யாரிடமும் டம்ப் கேட்கும்போது நாங்கள் சொல்வோம்: பார்த்து அனுப்புங்கள், நாங்கள் படிப்போம். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். இன்னொன்றும் சொல்வோம்: என்ன இருந்தது என்று டம்ப் சொல்லும், ஏன் இருந்தது என்று சொல்லாது.

அக்டோபர் நெருங்குகிறது. யோசித்தீர்களா?

உங்கள்
வாயாடி


செப்டம்பர் 6

அன்புள்ள வாயாடிக்கு,

டம்ப் கிடைத்துவிட்டது. பெரிய கோப்பு. இந்த மெஷினுக்கு வெளி இணைப்பு கிடையாது என்பது உனக்குத் தெரியும். ஒரு வட்டில் ஏற்றி அஞ்சலில்தான் அனுப்ப வேண்டும். இந்த வாரம் முடியவில்லை. அடுத்த வாரம் இருக்கை உறைகளைத் துவைக்கப் போடுகிறார்கள், அதுவும் என் தலையில்தான்.

ஒரு சந்தேகம். எல்லாமே இருக்கும் என்றாயே, காட்சிக்கு முன்னால் திறந்து பார்த்துவிட்டு மூடியதும் இருக்குமா?

குழாயை நானே சரிசெய்துவிட்டேன். இப்போது வேறு இடத்தில் ஒழுகுகிறது.

உன்
ஊமைக்கோட்டான்


செப்டம்பர் 16

அன்புள்ளவருக்கு,

இருக்கலாம். அதன் மேல் வேறு எதுவும் எழுதப்படாமல் இருந்தால் இருக்கும்.

எதைத் திறந்தீர்கள்?

வேண்டாம், சொல்ல வேண்டாம். அனுப்ப விருப்பமில்லை என்றால் அனுப்பவும் வேண்டாம். சிக்கனம் சொல்கிறபடி அது உங்கள் வீடு, உங்கள் அறை. ஆனால் அனுப்பாவிட்டால் வானம் நிற்பது நிற்காது. நான் என்ன முடிவெடுப்பது என்பதும் எனக்குத் தெரியப்போவதில்லை. இரண்டும் வேறு வேறு விஷயம்தான். எனக்கு இப்போது ஒன்றாகத் தெரிகிறது.

உங்கள்
வாயாடி


செப்டம்பர் 25

வாயாடிக்கு,

வட்டு இத்துடன் இருக்கிறது. பஞ்சு சுற்றி அனுப்பியிருக்கிறேன்.

படி. படித்துவிட்டுத் திட்டாதே. இல்லை, திட்டு.

ஊ.


அக்டோபர் 7

அன்புள்ளவருக்கு,

முதலில் மெஷினைப் பற்றி.

காரணம் தெரிந்துவிட்டது. வானம் எந்த ஊருடையது என்று நீங்கள் இடம் மாற்றும்போதெல்லாம், புரொஜக்டரை இயக்கும் நிரல் புதிதாக மெமரி எடுத்துக்கொள்கிறது. பழையதைத் திருப்பித் தருவதில்லை. உலகத்தில் எந்தக் கோளரங்கத்திலும் தினமும் ஊர் மாற்ற மாட்டார்கள், அதனால் இந்தப் பிழை இதுவரை யார் கண்ணிலும் படவில்லை. நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள். இரண்டாவது காட்சிக்கும் மூன்றாவது காட்சிக்கும் நடுவே, அங்கும் இங்குமாகப் பல தடவை. மூன்றாவது காட்சியின் பாதியில் மெமரி தீர்ந்து சிஸ்டம் விழுகிறது. அந்த நிரலைத் திருத்தி இன்னொரு வட்டில் அனுப்புகிறேன். போட்டுவிட்டால் இனி நிற்காது.

இப்போது நான் பார்த்ததைப் பற்றி.

மெமரியில் இரண்டு வானம் இருந்தது. ஒன்று நம் ஊர், அன்றைய தேதி. அதைத்தான் காட்டிக்கொண்டிருந்தீர்கள். இன்னொன்று அதற்குக் கீழே திரும்பத் திரும்பக் கிடந்தது. எண்களைப் பார்த்ததும் எனக்குப் புரியவில்லை. பிறகு என் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். இந்த ஊர். தேதி டிசம்பர் 1, இருட்டத் தொடங்கும் நேரம்.

டிசம்பர் முதல் தேதி நான் அங்கே இருக்க வேண்டும். நம் வீட்டில். நீங்களோ தினமும் மதியம் ஆளில்லாத அரங்கில் உட்கார்ந்து, அன்றைக்கு நான் இந்த ஊரில் எந்த வானத்துக்குக் கீழே இருப்பேன் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். வர மாட்டேன் என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். ஜூன் மாதத்திலேயே கட்டியிருக்கிறீர்கள், வானம் அப்போதிருந்தே நிற்கிறது. அதற்குப் பிறகு 'யோசிக்கிறேன்' என்று எழுதியது யாரை ஏமாற்ற?

'வந்துவிடு' என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். 'இரு' என்று சொல்லியிருந்தாலும் போட்டிருப்பேன். சண்டை போட ஒரு ஆள் வேண்டாமா எனக்கு?

வெள்ளிக்கிழமை 30ஆம் தேதி இவர்களுக்குப் பதில் சொல்லப் போகிறேன். உங்கள் பதில் வந்தாலும் வராவிட்டாலும்.

வா.


அக்டோபர் 16

என் அன்புக்குரியவளுக்கு,

உன் கடிதம் காலையில் வந்தது. உடனே போன் செய்தேன். "நல்லா இருக்கியா?" என்றேன். "ம்" என்றாய். என் வியாதி உனக்கும் தொற்றிவிட்டதே என்று பயந்து வைத்துவிட்டேன். இரண்டாவது காட்சியை டிக்கெட் அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்து எழுதுகிறேன். அவளுக்கு நட்சத்திரம் ஒன்றும் தெரியாது. "நீ போப்பா, நான் ஏதாவது பேசிக்கறேன், எப்படியும் தூங்கத்தான போறாங்க" என்றாள். இதோ சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்கிறது. தன் மருமகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒருவரும் தூங்கவில்லை, சிரிப்புச் சத்தம் கேட்கிறது.

வரிசையாக எழுத எனக்கு வராது. வந்தது வந்தபடி எழுதுகிறேன். நீதான் பிரித்துப் படிக்க வேண்டும்.

நீ தப்பாகப் படித்துவிட்டாய். இருந்ததைச் சரியாகப் பார்த்திருக்கிறாய், அந்த ஊர், அந்தத் தேதி, எல்லாம் சரி. ஆனால் நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. படித்துக்கொண்டிருந்தேன். பரீட்சைக்கு.

எங்கள் தொழில்காரர்களின் மாத இதழ் ஒன்று வரும், நீ கூட அதில் பொட்டலம் கட்டியிருக்கிறாய். மே மாத இதழில் ஒரு விளம்பரம் வந்தது. உன் ஊர்க் கோளரங்கத்தில் வானத்தை விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும். டிசம்பர் முதல் தேதி சேர வேண்டும். எழுத்துப் பரீட்சை கிடையாது. விளக்கை அணைத்துவிட்டு, சேர வேண்டிய அந்த நாளின் வானத்தைப் போட்டு, பேசு என்பார்களாம். காகிதம் வைத்துக்கொள்ளக் கூடாது.

எனக்கு நம் ஊர் வானம் தூக்கத்தில் கேட்டாலும் வரும். உன் ஊர் வானத்தில் நான் தொலைந்துபோகிறேன். துருவ நட்சத்திரத்தைத் தேடிப் பழக்கத்தில் கீழே பார்க்கிறேன், அது மேலே இருக்கிறது. தெற்கே அகத்திய நட்சத்திரம் எழும் என்று காத்திருக்கிறேன், எழுவதே இல்லை. இங்கே பாதி நாள் கண்ணில் படாத சப்தரிஷி மண்டலம் அங்கே ஒரு நாளும் மறையாமல் சுற்றிச் சுற்றி வருகிறது. நம் வானத்தைப் போட்டு, உன் வானத்தைப் போட்டு, மறுபடி நம் வானத்தைப் போட்டு, எது எங்கே நகர்ந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆளில்லாத அரங்கில் உரக்கப் பேசிப் பார்த்தேன். கழுத்து வலிக்கிறது. அதைத்தான் நீ படித்திருக்கிறாய். அதில்தான் மெஷினும் விழுந்திருக்கிறது.

ஏன் சொல்லவில்லை என்பாய். வருகிறேன் என்று நான் சொல்லி, அதை நம்பி நீ அங்கே இருக்கிறேன் என்று பதில் கொடுத்து, பிறகு அவர்கள் என்னை வேண்டாம் என்றால்? அது ஒரு பயம். இன்னொன்று, உனக்கே திரும்பி வர ஆசை இருந்து, நான் இவ்வளவு பாடுபடுகிறேனே என்று நீ அதை விழுங்கிக்கொண்டால்? வா என்று சொல்லவும் வாய் வரவில்லை, இரு என்று சொல்லவும் வரவில்லை. இரண்டும் உன்னைக் கட்டிப்போடுகிற மாதிரித் தோன்றியது. அதனால் 'உன் இஷ்டம்' என்று அந்த இரண்டு சொல்லை எழுதினேன். எழுதி அஞ்சலில் போட்ட உடனே தப்பு என்று தெரிந்தது. பெட்டிக்குள் கை விட்டுப் பார்த்தேன், எட்டவில்லை. ஒரு ஆள் நின்று பார்த்தான்.

விண்ணப்பம் இன்னும் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. வானம் முழுக்க மனப்பாடமாகட்டும் என்று வைத்திருந்தேன். வடக்குப் பாதி வந்துவிட்டது. கிழக்கில் இன்னும் தடுமாறுகிறேன்.

நீ இல்லாத வீட்டில் எனக்கு நன்றாக இல்லை. இதை எழுத இத்தனை மாதம் ஆகியிருக்க வேண்டாம். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், குழாயோடு பேசுகிறேன். நீ விட்டுப் போன சீப்பு கண்ணாடிக்குப் பக்கத்தில் அப்படியே இருக்கிறது, அதை நகர்த்தாமல் தூசி தட்டுகிறேன். நீ அங்கே எழுதுகிற கடிதங்களில் உனக்கு எவ்வளவு உயிர் இருக்கிறது என்று தெரிகிறது. சிக்கனத்தோடு நீ போடுகிற சண்டையை நான் பொறாமையோடு படிக்கிறேன். அந்த வேலையை விட்டுவிட்டு வா என்று நான் கேட்க மாட்டேன். இது என் கருத்து, என் கருத்து மட்டும். நீ கேட்டாயே என்று சொல்கிறேன்: இருந்துவிடு. நான் அங்கே வரட்டுமா? வேலை கிடைத்தாலும் வருகிறேன், கிடைக்காவிட்டாலும் வருகிறேன்.

டிக்கெட் அக்கா கதவைத் தட்டுகிறாள். கூட்டம் எழுந்து போக மாட்டேன் என்கிறதாம், மருமகள் கதை முடியவில்லையாம்.

உன்
ஊமைக்கோட்டான்


அக்டோபர் 31

என் அன்புக்குரியவருக்கு,

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. ஆபீஸ் படிக்கட்டிலேயே உட்கார்ந்து படித்தேன். சிக்கனம் ஏறி வந்தார், என் முகத்தைப் பார்த்தார், போய் ஒரு டீ கொண்டுவந்து வைத்தார். வாக்கெடுப்பும் முடிந்தது. மெஷினைப் பார்த்து அளவு முடிவாகும், வேண்டாம் என்கிறவர்கள் எடுத்துவிடலாம், மற்ற எல்லாருக்கும் தானாகவே உண்டு. சிக்கனம் கடைசியாகத்தான் கை தூக்கினார், ஆனால் தூக்கினார்.

டம்ப் படிப்பதில் இந்த அறையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று இருந்தேன். உங்களைப் படிக்கத் தெரியவில்லை. அதற்காக உங்களைச் சும்மா விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஜூனிலிருந்து அக்டோபர் வரைக்கும் சேர்த்து வைத்து ஒரு முழு நாள் சண்டை போடப் போகிறேன், தயாராக வாருங்கள்.

நேற்று அவர்களிடம் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வேறு ஒருவரும் வருகிறார், வீடு கொஞ்சம் பெரிதாக வேண்டும் என்றும் சொன்னேன்.

இன்று சனிக்கிழமை. மதியம் இந்த ஊர்க் கோளரங்கத்துக்குப் போனேன். இத்தனை நாள் போகாமல் இருந்தது ஏன் என்று எனக்கே தெரியவில்லை, பஸ்ஸில் தினம் அதைத் தாண்டித்தான் போகிறேன். உங்களுடையதைவிடச் சின்ன குவிமாடம். இருக்கைகள் பழைய நீல நிறம், ஒன்று கிரீச்சிடும். மழைக்கு ஒதுங்கினவர்கள் கொஞ்சம் பேர். கடைசி வரிசையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தேன். வெளியே மேகம், உள்ளே தெளிந்த வானம். விளக்கிச் சொன்னவர் பேசிய ஒரு வார்த்தையும் மனதில் நிற்கவில்லை. உங்கள் குரலைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் தூங்கியும் போனேன்.

வெளியே வரும்போது டிக்கெட் கொடுக்கும் அம்மாவிடம் கேட்டேன்.

"வானத்த விளக்கிச் சொல்ற வேலைக்கு ஆள் வேணும்னு போட்டிருந்தீங்களே, ஆள் கெடச்சாச்சா?"

"எங்கம்மா? வந்தவங்க எல்லாம் இருட்டுல வாயடைச்சுப் போயிடறாங்க. உங்களுக்கா?"

"இல்லங்க. எங்க வீட்டுக்காரருக்கு."

"நல்லாப் பேசுவாரா?"

"இருட்டுல பேசுவாரு. வெளிச்சத்துலதான் கஷ்டம்."

அந்த அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "இந்த ஊர் வானம் தெரியுமா அவருக்கு?"

"வடக்குப் பாதி தெரியும். கிழக்குல கொஞ்சம் தடுமாறுவாரு."

"அது பரவால்ல. இங்க கிழக்கு எப்பவும் மேகந்தான்" என்றாள். "இப்ப இருக்கறவரு பேப்பரப் பாத்துப் படிக்கறாரு. அதுக்கு டார்ச் வேற அடிக்கறாரு, கண்ணு கூசுது. சீக்கிரம் வரச் சொல்லுங்க."

சொல்லிவிட்டேன்.

உங்கள்
வாயாடி